கோபம் வருதா, சொல்லுங்க

ஒரு வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேருக்குப் போன் செய்கிறவர்களில் ஒரே ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தோம். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் எல்லோருக்கும் அவர் மேடம்.

டெல்லி மந்திர் மார்க்குக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் இருந்த சின்ன செய்தி அலுவலகம் எங்களுடையது. பெயர் இப்போது வேண்டாம். தினமும் பகல் ஒன்றரை மணிக்கு ரேடியோவில் பத்து நிமிடத் தமிழ்ச் செய்தி. இங்கிலீஷிலும் இந்தியிலும் வந்து விழுகிறதை அவர் தமிழில் எழுதுவார், நான் வாசிப்பேன். பதினோரு வருடம் அவருடைய வார்த்தைகள்தான் என் வாய் வழியாகப் போயின. பாராட்டு வந்தால் எனக்கு, வசவு வந்தாலும் எனக்கு.

சாதாரணச் செய்தி என்றால் மளமளவென்று எழுதித் தள்ளிவிடுவார். சண்டைச் செய்தி என்றால் பேனாவை மூடிவிட்டு ஒரு நீள நோட்டை எடுப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி, பழுப்பு அட்டை போட்ட நோட்டு. அதில் ஒவ்வொரு சண்டைக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். நதிநீருக்கு இரண்டு பக்கம், இடஒதுக்கீட்டுக்கு இரண்டு, மொழிக்கு இரண்டு, தெருநாய்க்குக்கூட இரண்டு. இடப்பக்கத்தில் ஒருவருடைய நம்பர். வலப்பக்கத்தில் அவரைக் கண்டால் பல்லைக் கடிக்கிற இன்னொருவருடைய நம்பர். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, எழுத நினைத்திருக்கும் வாக்கியத்தை வாசித்துக் காட்டுவார்.

"கோபம் வருதா, சொல்லுங்க" என்பார்.

ஒருவருக்கு மட்டும் கோபம் வந்தால் வார்த்தையை மாற்றுவார். இரண்டு பேருக்கும் வராவிட்டாலும் மாற்றுவார். "ரெண்டு பேருக்கும் இனிக்குன்னா நாம ஒண்ணுமே சொல்லலைன்னுதான் அர்த்தம், சார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்சம் முனக வேண்டும். அப்போதுதான் முகம் தெளியும். "சரியா இருக்கு" என்று எழுதிவிட்டு நோட்டை மூடுவார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவரின் அரசாங்க வேலையால் டெல்லிக்கு வந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கலாமே, நேரம் மிச்சமாகுமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"எழுத்துல கோபம் தெரியாது சார். மூச்சு விடுததுலதான் தெரியும்" என்றார்.

செய்தி வெளிவருமுன் வெளி ஆட்களிடம் வாசித்துக் காட்டுவது தப்பு. அது அவருக்கும் தெரியும். அதனால் எந்த ஊர், எந்த நாள் என்பதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும்தான் வாசிப்பார். பதினோரு வருடத்தில் அதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மேலதிகாரிகள் அவர் வீட்டோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் விஷயம் தெரியும்.

அந்த நம்பர்களை எங்கே பிடிப்பார் என்று கேட்பீர்கள். ஒரு பொங்கல் விழாவில் என் கண்ணால் பார்த்தேன். பந்தியில் இரண்டு பேர் ஏதோ அரசியலில் இறங்கி, இலையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் விலக்கிவிட ஓடினார்கள். மேடமும் போனார். விலக்கவில்லை. இருவர் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி பாயசத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அவருடைய அந்தப் பழக்கத்தால் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று இருபத்தெட்டுக்குக்கூடப் போனில் இருப்பார். ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்து நான் தலைப்புச் செய்திகளை வாசித்துவிட்டேன், மூன்றாம் பக்கம் கையில் இல்லை. ஏதோ ஒரு ஊரில் இரண்டு தரப்புக்கு நடுவே தகராறு, அடிதடி. வந்த செய்தியில் 'மோதல்' என்று இருந்தது. நான் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்தபடி வந்து தாளை வைத்துவிட்டுப் போனார். 'மோதல்' அடிக்கப்பட்டு 'தாக்குதல்' என்று மாறியிருந்தது. என் குரல் நடுங்கியதை அன்று தமிழ்நாடே கேட்டிருக்கும்.

வெளியே வந்து கத்தினேன். ஒரு வார்த்தைக்காகவா இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் கையில கம்பு இருந்தாத்தான் சார் மோதல். ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் வெறுங்கைன்னா அதுக்கு அந்தப் பேரு கிடையாது. கம்பு வச்சிருந்த பக்கத்து ஆளையே கேட்டேன். உங்க ஆளுவ கம்பு கொண்டு போனாவளான்னேன். ஆமா, அவங்க பேசினது அப்படின்னாரு. அவருக்கும் கோபம் வந்துது, மத்தவருக்கும் இது பத்தலைன்னு கோபம் வந்துது. அதான் நேரமாயிட்டு."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. சண்டையை மழுப்புவதற்காக அவர் போன் செய்யவில்லை. அதுவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மரியாதை வந்தது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். அவருடைய மகள் வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் 'ஓடிப்போயிட்டாளாமே' என்று போனில் துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் இவர் பொறுமையாகத் திருத்தியதை நான் கேட்டிருக்கிறேன். "ஓடல்ல. போயிட்டா. பெட்டியோட ஆட்டோவில ஏறிப் போனா. நான்தான் ஆட்டோ பிடிச்சுக் குடுத்தேன்." ஊருக்குத் தகவல் சொல்லக் கணவரோடு உட்கார்ந்து எழுதிய கடிதத்துக்கு ஒரு வாரம் ஆயிற்றாம். கணவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ஏழாம் நாள் இரண்டு பேரும் முனகினார்களாம், தபாலில் போட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது சிரித்தார். கண் கலங்கியிருந்தது, அதையும் பார்த்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

தெற்கு டெல்லியில் ஒரு பெரிய வடிகால் ஓரம் நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்து, இரண்டு தலைமுறையாக இருக்கிறவர்கள். அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அரசாங்கத்துக்கும் அவர்களுக்கும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. அந்தச் சண்டைக்கும் நோட்டில் இரண்டு பக்கம். இடப்பக்கம், நிலத் துறையில் இருந்து ஓய்வுபெற்று, துவாரகாவில் மகனோடு ஃபிளாட்டில் இருந்த ஒரு பெரியவர். வலப்பக்கம், அந்த வடிகால் ஓரமே குடியிருந்து, லக்ஷ்மிபாய் நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்த ஒரு பெண்மணி.

'ஆக்கிரமிப்பு' என்று எழுதட்டுமா என்று கேட்டால் பெரியவர், "அதானேம்மா அது, சர்க்கார் நிலம்தானே" என்பார். அந்தப் பெண்மணி, "யாரு வீட்டை யாருக்கா ஆக்கிரமிச்சோம்? அங்க முள்ளும் பன்னியும்தான் இருந்துச்சு" என்பார். பல நாள் இழுபறிக்குப் பிறகு 'குடியிருப்பு' என்று நின்றது. "குடியிருக்காங்கதானே, எழுதித் தொலை" என்று பெரியவர் முனகினார். "எங்க வீடுன்னு எழுத மாட்டீங்க போல" என்று பெண்மணி முனகினார். சரியாக இருந்தது.

ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு அந்த இடத்தைப் பற்றிய முன்குறிப்பு வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வீடுகளை இடிக்க இயந்திரங்கள் போகப்போகின்றன. வேலை முடிந்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் ஆசிரியர் அந்தத் தாளோடு வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், பொறுப்புக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"மேடம், நாளைக்கு இது பெரிய நியூஸ். இன்னிக்கே ரெடி பண்ணி வைங்க, ஜல்தி. ஆனா வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாது, அச்சா?"

நாளை வாசிக்கப்போவதால் செய்தி, நடந்து முடிந்த மாதிரி எழுதப்பட்டிருந்தது. மேடம் தமிழில் எழுதினார். 'இன்று காலை, வடிகால் ஓரக் குடியிருப்பில் இருந்த வீடுகள் அகற்றப்பட்டன.' பேனாவை மூடினார். நோட்டை எடுத்தார்.

முதலில் பெரியவர். "ஐயா, ஒரு வரி வாசிக்கேன். குடியிருப்பில் இருந்த வீடுகள் அகற்றப்பட்டன. கோபம் வருதா?" எந்த நாள், எந்த இடம் என்பதை விட்டுவிட்டார். 'வீடுகள்' என்றதும் பெரியவர் ஏதோ முனகினார் போலிருக்கிறது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்து அந்தப் பெண்மணி. போனுக்குள் எங்கோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது. மேடம் தாளைக் கையில் எடுத்து முழு வரியையும் நிறுத்தி வாசித்தார்.

"இன்று காலை, வடிகால் ஓரக் குடியிருப்பில் இருந்த வீடுகள் அகற்றப்பட்டன. கோபம் வருதா, சொல்லு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இன்னாக்கா சொல்ற நீ? காலைல அங்கருந்துதானே நான் வந்தேன். வீடு இருக்குதே."

மேடம் தாளைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இது நாளைக்கு வாசிக்கதுக்கு எழுதினது."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார், ஏதும் கேட்டியளா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. டெம்போ பிடித்தவர்கள் பிடித்தார்கள், வக்கீலிடம் ஓடியவர்கள் ஓடினார்கள். மறுநாள் ஆறு மணிக்கு இயந்திரங்கள் போனபோது தெரு முழுக்க ஜனம் உட்கார்ந்திருந்தது. வேலை மத்தியானம் வரை நின்றது. பிறகு இடித்துவிட்டார்கள், அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் தகரப் பெட்டி முந்தின நாளே வெளியே வந்துவிட்டது. அதற்குள் பழைய ரேஷன் கார்டும் கரண்ட் ரசீதுகளும் இருந்தன. அவை இல்லாமல் மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் ஏறாது. இடிபாட்டுக்குள் போயிருந்தால் இத்தனை வருடம் அங்கே இருந்ததாகச் சொல்ல அவரிடம் ஒரு சீட்டும் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தேக்கோ ஜி, பாருங்க, அந்த முன்குறிப்பு நாலு ஆபீஸுக்குத்தான் போயிருக்கு. மேலேர்ந்து கேக்கறாங்க. நம்ம ஆபீஸ்ல அதைப் பார்த்தது நான், மேடம், எதிர் சீட்ல நீங்க. இந்த மாசம் காண்ட்ராக்ட் எல்லாம் ரினியூவல் வேற. யார் மேல என்ன எழுதறது, நீங்களே சொல்லுங்க."

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு நாற்பத்தொன்பது வயது. செய்தி வாசிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. இதெல்லாம் நான் அன்றைக்கு நினைத்துப் பார்த்தவை, சாக்காகச் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லியிருக்கலாம். போனே பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை, முழு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெரியவரிடம் எந்த நாள் என்பதை விட்டுவிட்டு வாசித்தார், அந்தப் பெண்ணிடம் நாளோடு வாசித்தார், அது வாய்தவறி நடந்ததல்ல, அவர் அந்த ஜனத்துக்காகத் தெரிந்தே செய்தார் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் தராசுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் அல்லவா, யாருக்கும் வலிக்காத ஒரு வார்த்தையைத் தேடினேன். கிடைத்தது.

"அவங்க வழக்கம்போல வார்த்தைக்காகத்தான் போன் பண்ணினாங்க, சார்."

ஆசிரியர் நிமிர்ந்தார். "வழக்கம்போலன்னா?"

என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியும். நோட்டைப் பற்றிச் சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். எவ்வளவு சிரத்தை, எவ்வளவு நேர்மை என்றெல்லாம் சொன்னேன். அவர் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அச்சா. அப்போ இது ஒரு நாள் இல்ல. இத்தனை வருஷமா வெளியில வாசிச்சுக் காட்டிட்டே இருந்திருக்காங்க" என்றார்.

மாதக் கடைசியில் மேடத்துக்குக் கடிதம் வந்தது. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று ஒரே வரி. என்னுடையது நீட்டிக்கப்பட்டது. அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்காவ. இதுக்கு யாருக்கும் கோபம் வராது" என்றார்.

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் நடந்தார். நான் கூடவே போனேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சார், ஒரு வரி வாசிக்கேன். சக ஊழியர் அவரைக் காட்டிக்கொடுத்தார். கோபம் வருதா, சொல்லுங்க."

"வருது மேடம். நான் காட்டிக்கொடுக்கணும்னு சொல்லல."

"எனக்கு வரல்ல. அப்ப இது சரியில்ல. இன்னொண்ணு வாசிக்கேன். சக ஊழியர் கேட்டதற்குப் பதில் சொன்னார்."

அந்த வரி எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபம் வருதா என்று கேட்கவில்லை. நான் மூச்சு விட்டதைக் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு வரல்ல. எனக்கு வருது. இதுவும் சரியில்ல" என்றார். "வலப்பக்கத்துல உங்க நம்பரை எழுதி வச்சிருக்கேன் சார். இடப்பக்கம் நான். நீங்க நிதானமா யோசிச்சு ஒரு வரி சொல்லுங்க. அவசரமில்ல."

அதன் பிறகு அவருடைய கணவர் ஓய்வுபெற்று இருவரும் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். அந்தப் பெண்மணியின் பெயர் பட்டியலில் ஏறியது என்று கேள்விப்பட்டேன். வீடு ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், அதனால் நான்கு வீட்டு வேலையில் மூன்று போய்விட்டதாம். எங்கள் அலுவலகத்தில் இப்போது 'ஆக்கிரமிப்பு' வந்தால் 'ஆக்கிரமிப்பு', 'மோதல்' வந்தால் 'மோதல்'. மூன்றாம் பக்கம் ஒன்று இருபதுக்கே என் கைக்கு வந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் மட்டும் குறையவில்லை.

மூன்று வருடம் நான் போன் செய்யவில்லை. எத்தனையோ வரிகள் எழுதிப் பார்த்தேன், எல்லாம் எனக்கு இதமாகவே வந்தன. போன வாரம் ஒரு வரி எழுதினேன். அதை வாசித்தபோது எனக்கே காது சுட்டது. நம்பரைப் போட்டேன். எடுத்தார். நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

"மேடம், ஒரு வரி. தன் வேலை போகக்கூடாது என்று, அவருடைய வேலை போகும் எனத் தெரிந்தே, அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்."

அந்தப் பக்கம் மூச்சு பலமாகக் கேட்டது.

"உங்களுக்குக் கோபம் வருதா சார்?"

"வருது மேடம்."

"எனக்கும் வருது" என்றார். "சரியா இருக்கு. எழுதிக்கிடுங்க."